சுவரில் ஏறும் ஓதமும் ரசாயனத் தடுப்பும்

வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பிக் கழன்று, பூச்சு பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டதும் பலரும் செய்வது ஒன்றுதான்: பொரிந்ததைச் சுரண்டிவிட்டு, சிமென்ட் கலவையோ புட்டியோ பூசி, மேலே மறுபடியும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே இடம், சில வேளைகளில் முன்பைவிட ஒரு சாண் மேலாகவே, மீண்டும் பொரியத் தொடங்கும். இந்தச் சுற்று சில முறை நடந்த பிறகுதான், சுவரில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் செலுத்தி, மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரத்தை, அதாவது ஓதத்தைத் தடுக்கும் முறையைப் பற்றிய பேச்சு எழுகிறது. அதை எல்லா ஈரத்துக்கும் மருந்தென்று விற்பவர்கள் உண்டு. அடியோடு ஏமாற்று வேலை என்று தள்ளுபவர்களும் உண்டு. இரு தரப்பினரும் அந்த ரசாயனம் சுவருக்குள் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அது செய்வது ஒரு குறுகிய வேலை. அதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் இருக்கிறது. அந்த வேலை குறிப்பிட்ட ஒரு சுவருக்குத் தேவையா என்பது துளையிடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதன் பலன் அறைக்குள் வாழ்பவருக்குக் கிட்டுமா என்பதோ, துளைகளை மூடிய பின் சுவரில் எதைப் பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

செங்கல், சாந்து, மணற்கல், சுண்ணாம்புக்கல் ஆகிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. அவற்றின் கனிமப் பரப்பில் தண்ணீர் நன்றாக ஒட்டும். நீரின் விளிம்பு அந்தப் பரப்பைத் தொடும் கோணம், அதாவது சேர்கோணம், மிகச் சிறியது. ஆகவே துளைக்குள் நீரின் மேற்பரப்பு உட்குழிந்து நிற்க, பரப்பு இழுவிசை நீரை மேல்நோக்கி இழுக்கிறது. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூரின் காட்டிய விதி. அந்தக் கணக்கின்படி ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் ஏறத்தாழ 15 மீட்டர் ஏற வேண்டும். செங்கல்லிலும் சாந்திலும் அந்த அளவிலான துளைகள் ஏராளம். அப்படியிருந்தும் வீடுகளில் ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றரை மீட்டரைத் தாண்டுவது அரிது. அதை அடக்குவது ஈர்ப்பு விசையன்று, ஆவியாதல். அடியிலிருந்து ஏறும் நீரின் அளவும், சுவரின் இரு முகங்களிலிருந்து ஆவியாகிப் போகும் நீரின் அளவும் சமமாகும் உயரத்தில் ஈரத்தின் விளிம்பு நிற்கிறது.

இந்தச் சமநிலையைக் கிறிஸ்டோபர் ஹால், வில்லியம் ஹாஃப் ஆகிய இருவரும் 2007இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஓர் எளிய சமன்பாடாகத் தந்தார்கள். ஈரம் ஏறும் உயரம், கட்டுமானப் பொருளின் உறிஞ்சுதிறனுக்கு நேர்விகிதத்திலும், சுவர்த் தடிமனின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஆவியாதல் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது அதன் சாரம். நான்கு மடங்கு தடித்த சுவரில் ஈரம் இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏறும். வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது ஆவியாதலைப் பற்றிய பகுதி: சுவரின் இரு முகங்களில் ஒன்றை முழுவதுமாக அடைத்துவிட்டால் ஆவியாதல் பாதியாகக் குறையும், ஈரத்தின் உயரம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். 70 சென்டிமீட்டரில் நின்ற ஓதம் ஒரு மீட்டரை எட்டிவிடும். ஓதம் தெரிந்த பகுதியில் டைல்ஸ் ஒட்டியவர்களும் எண்ணெய் பெயின்ட் அடித்தவர்களும், அந்த மறைப்புக்கு மேலே புதிதாகப் பொரிவதைக் காண்பது இதனால்தான். தண்ணீர் வெளியேறும் வாசலை மூடினால் அது அடுத்த வாசலைத் தேடி மேலே போகிறது.

ஏறும் நீர் தனியாக வருவதில்லை. மண்ணில் கரைந்துள்ள நைட்ரேட்டுகளையும் குளோரைடுகளையும் உடன் கொண்டு வருகிறது. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் சல்ஃபேட்டுகளையும் வழியில் கரைத்துக்கொள்கிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிவிடும். பல ஆண்டுகள் இப்படி நடந்த சுவரில், ஈரத்தின் மேல்விளிம்பை ஒட்டிய ஒரு பட்டையில் உப்பு மிகுதியாகச் சேர்ந்திருக்கும்; கறைபோலத் தெரியும் அந்தக் கோடு பெரும்பாலும் உப்பின் கோடுதான். சல்ஃபேட்டுகள் படிகமாகும்போது துளைகளுக்குள் அழுத்தம் தந்து பூச்சைப் பொரியவைக்கின்றன. நைட்ரேட்டும் குளோரைடும் செய்வது வேறு: அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரண உப்பு 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் தானே கரையத் தொடங்கிவிடும். கால்சியம் நைட்ரேட்டுக்கு 50 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே போதும். மண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட ஏறாவிட்டாலும், உப்பு நிறைந்த பூச்சு மழைக்காலத்தில் நனைந்து நிற்கும் என்பது இதன் பொருள். துளையிட்டு ரசாயனம் செலுத்திய பிறகும் சுவர் ஈரமாகவே இருக்கிறது என்ற முறையீடுகளில் கணிசமானவை இந்தப் பழைய உப்பினால் வருபவை. ரசாயனத் தடுப்பு உப்பை அகற்றுவதில்லை. அகற்றுவதாக யாரும் உறுதி கூறவும் முடியாது.

கட்டும்போதே அடித்தளத்துக்கு மேலே நீர் ஊடுருவாத ஓர் அடுக்கை வைத்துவிட்டால் இந்தக் கதையே எழாது. கட்டுமானத் துறையில் டி.பி.சி. என்று சுருக்கமாக வழங்கும் அந்த ஓதத்தடை அடுக்கு, இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை அடுத்துவந்த உள்ளூர் விதிகளால் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. சிமென்ட் சாந்தில் பதித்த பலகைக்கல், ஈயத் தகடு, நீர் உறிஞ்சாத அடர்செங்கல், தார் பூசிய விரிப்பு, பின்னாளில் பாலித்தீன் எனப் பொருள்கள் மாறிவந்தன. அந்த அடுக்கு இல்லாத பழைய வீடுகளுக்காகவே ரசாயன முறை உருவானது. ஆனால் அடுக்கு நல்ல நிலையில் இருந்தும் ஓதம் ஏறும் வீடுகள் நிறைய. தோட்ட மண்ணையோ தளத்தையோ உயர்த்திக்கொண்டே போய் அடுக்கை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். அல்லது வெளிப்பூச்சை அடுக்குக்கும் கீழே, தரை வரைக்கும் இழுத்துப் பூசியிருப்பார்கள். இரண்டிலும் தண்ணீர் அடுக்கைச் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. இங்கே தேவை மண்வெட்டியும் உளியும், ரசாயனம் அன்று. வெளித்தரை ஓதத்தடை அடுக்குக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை.

கீழ்ச்சுவர் ஈரத்தையெல்லாம் ஏறும் ஓதம் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பெரிய குறை. சன்னலடியில் வெடிப்பு, உடைந்த மழைநீர்க் குழாய், சுவருக்குள் கசியும் தண்ணீர்க் குழாய், தரையில் மோதிச் சுவரில் தெறிக்கும் மழை ஆகிய ஒவ்வொன்றும் ஏறத்தாழ இதே தோற்றத்தைத் தரும். காற்றோட்டமில்லாத அறையின் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்தால் கருமையான பூசணம் பிடிக்கும். உப்பு மிகுந்த ஏறும் ஓதத்தில் பூசணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆகவே சுவரின் அடிமூலையில் கரும்புள்ளிகளைக் கண்டால் முதலில் நீராவிப் படிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு முள் கொண்ட கைக்கருவியைச் சுவரில் குத்தி, எண் உயர்ந்ததும் ஓதம் என்று அறிவிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் கருவி மரத்துக்காக அளவீடு செய்யப்பட்டது. அது அளப்பது மின்கடத்தலை. உப்புக் கரைசல் நன்றாகவே மின்சாரம் கடத்தும். கரி கலந்த சாம்பல் கற்களும் உலோகத் தாள் ஒட்டிய சுவர்களும் அப்படியே. எங்கே கூர்ந்து பார்க்கலாம் என்று வழிகாட்ட அந்தக் கருவி உதவும். காரணத்தைச் சொல்ல உதவாது. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் தன் 245ஆம் எண் குறிப்பேட்டில் பரிந்துரைத்த முறை இதைவிடச் சிரமமானது, ஆனால் நம்பகமானது. சாந்து மூட்டில் மெதுவாகத் துளையிட்டு, தரைமட்டத்திலிருந்து மேலே பல உயரங்களில், பூச்சைத் தாண்டிய ஆழத்திலிருந்து தூளை எடுத்து, உடனே காற்றுப் புகாத குப்பியில் அடைக்கிறார்கள். ஒவ்வொரு மாதிரியையும் எடைபோட்டு, 75 சதவீத ஒப்பு ஈரப்பதமுள்ள மூடிய கலனில் வைத்து மறுபடி எடைபோட்டு, பிறகு அடுப்பில் உலர்த்தி இறுதி எடை காண்கிறார்கள். கலனில் அந்த ஈரப்பதத்தைத் தர நிறைவுற்ற உப்புக் கரைசல் ஒன்றே போதும். இதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன: சுவரில் உண்மையில் இருந்த ஈரம், அந்தத் தூளிலுள்ள உப்பு காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளக்கூடிய ஈரம். முதல் எண் இரண்டாவதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் வெளியிலிருந்து நீர் வந்துகொண்டிருக்கிறது. அது கீழே மிகுந்தும் மேலே போகப் போகக் குறைந்தும், உப்பு எண் மேல்விளிம்பருகே உச்சத்தில் நின்றும் இருந்தால், ஏறும் ஓதம் என்பதற்கு நல்ல சான்று. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஈரத்தைத் தருவது உப்பும் காற்றும் மட்டுமே. கட்டுமானத் தளத்திலேயே விரைவான விடை வேண்டுமானால் கார்பைடு கருவி உண்டு: எடைபோட்ட தூளையும் கால்சியம் கார்பைடையும் மூடிய குடுவையில் குலுக்கினால், ஈரத்தின் அளவுக்கேற்ப அசிட்டிலீன் வாயு உண்டாகி அழுத்தமானி ஏறும். ரசாயனம் விற்கும் நிறுவனமே இலவசமாகச் சோதனையும் செய்துதரும் இடங்களில் இப்படிப்பட்ட அளவீடுகளை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. முள் கருவியின் எண்ணோடு முடிந்துபோகும் அறிக்கையை நான் சான்றாகக் கொள்ளமாட்டேன்.

ஓதம் மண்ணிலிருந்துதான் ஏறுகிறது என்று உறுதியான பிறகு ரசாயனத்துக்கு வரலாம். இன்று பெரும்பாலான ஓதத்தடை ஊசிமருந்துகளின் செயல்பொருள் சிலேன், சிலாக்சேன் வகைச் சேர்மங்கள். ஒரு சிலிக்கன் அணுவின் மூன்று கைகளில் எத்தாக்சித் தொகுதிகளும், நான்காவதில் ஐசோபியூட்டைல் அல்லது ஆக்டைல் போன்ற ஒரு ஹைட்ரோகார்பன் வாலும் இருப்பதாகக் கொள்ளலாம். சுவரிலுள்ள ஈரம் எத்தாக்சித் தொகுதிகளை நீராற்பகுத்து, எத்தனாலைச் சிறிதளவில் வெளியேற்றுகிறது. அந்த இடங்களில் தோன்றும் சிலனால் தொகுதிகள் ஒன்றோடொன்றும், செங்கல்–சாந்துத் துளைப் பரப்பிலுள்ள சிலிக்கேட்டுகளோடும் இணைந்து உறுதியான சிலாக்சேன் பிணைப்புகளாகின்றன. சாந்தின் காரத்தன்மை இந்த வினையை விரைவுபடுத்துகிறது. முடிவில் துளையின் உட்சுவரெங்கும் ஹைட்ரோகார்பன் வால்கள் வெளிநோக்கி நிற்கும் மிக மெல்லிய படலம் உருவாகிறது. தாமரை இலையில் நீர் திரண்டு உருள்வதைப் போல இந்தப் பரப்பிலும் நீர் ஒட்டாது. சேர்கோணம் 90 பாகையைத் தாண்டிவிடும். ஜூரினின் விதியில் அந்தக் கோணத்தின் கொசைன் இடம்பெறுவதால், 90 பாகையைத் தாண்டியதும் அது எதிர்க்குறியாகிறது; நீரை இழுத்த துளை இப்போது அதை வெளியே தள்ளுகிறது. துளை அடைபடுவதில்லை என்பதே இங்கே முக்கியம். நீராவி முன்போலவே போய்வரும். திரவ நீர் மட்டும் தானாக ஏறாது.

இதிலிருந்தே இந்த முறையின் எல்லையும் புலப்படுகிறது. நீர் அழுத்தத்தோடு வந்தால் இந்த எதிர்ப்பு நிற்காது. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு நுண்விரிசலில், சேர்கோணம் 110 பாகையாக இருந்தாலும்கூட, நீரை உள்ளே தள்ள ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் போதுமானது. எனவே நிலத்தடி அறைகள், ஒரு பக்கம் மண் அணைந்த சுவர்கள், வெள்ளம் தேங்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு இது தீர்வாகாது. அங்கே நீர்புகாப் பூச்சோ, வெளிப்புற வடிகாலோ, தனி உட்சுவரோ வேண்டும். அறையின் தரை வெளிமண்ணைவிடத் தாழ்ந்திருந்தால், கிடைமட்டத் துளைவரிசையோடு மண் தொடும் உயரம் முழுவதற்கும் செங்குத்தான தடுப்பும் தேவைப்படும். இந்த இணைப்பை விட்டுவிடும் வேலைகள் துளைவரிசைக்கு மேலேயே மீண்டும் நனைகின்றன.

நுண்துளைகளை உண்மையாகவே அடைக்கும் மற்றொரு குடும்பமும் உண்டு: சோடியம் சிலிக்கேட், அக்ரிலிக் கூழ்கள், எபாக்சி, பாலியூரித்தேன், உருக்கிய மெழுகு. இவற்றில் சில தடித்த கற்சுவர்களில் நன்றாகப் பயன்படுகின்றன. செலவும் வேலையும் கூடுதல்.

சிலேன் குழம்பு வருவதற்கு முன் புழங்கியவை வேறு. அலுமினியம் ஸ்டியரேட்டையோ சிலிக்கோன் பிசினையோ பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்துப் பம்பின் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். வேலை நாள்களில் வீடு முழுவதும் நெடி, தீப்பிடிக்கும் அபாயம் வேறு. நீரில் கரையும் பொட்டாசியம் மெத்தில் சிலிக்கனேட் காற்றின் கரியமில வாயுவோடு வினைபுரிந்து நீர்விலக்கும் பிசினாகிறது. கூடவே பொட்டாசியம் கார்பனேட் உப்பையும் விட்டுவைக்கிறது. அந்தச் சிலிக்கனேட் கரைசல் கையில் பட்டால் அரிக்கும் கடுங்காரமும்கூட. அழுத்த முறையில் இருந்த அடிப்படைச் சிக்கல் வேறொன்று. நனைந்த சுவரின் நுண்துளைகளில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கிறது. வரும் திரவம் அதைச் சீராகத் தள்ளிக்கொண்டு முன்னேறாமல், எளிதான வழியில் விரல் விரலாகப் பிரிந்து ஓடிவிடும். சாந்துப் படுகையில் தொடர்ச்சியான ஒரு பட்டை உருவாவதற்குப் பதில் இடையிடையே தடுப்பில்லாத தீவுகள் மிஞ்சும். இப்போது பரவலாகப் புழங்கும் கிரீம் வகை இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கிறது: சிலேனை அடர்த்தியாகக் கொண்ட குழம்பை அழுத்தமில்லாமல் துளையில் நிரப்பிவிட்டால், ஈரமும் காரமும் பட்டு அது மெல்லப் பிரிந்து, திரவமாகவும் ஆவியாகவும் சில வாரங்களில் சாந்தெங்கும் பரவுகிறது. சுவரின் நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கும் அளவு இதன் பலனை வெகுவாக மாற்றும். அதனால்தான் ஜெர்மன் மொழி நாடுகளில் மதிக்கப்படும், கட்டடப் பாதுகாப்புக்கான டபிள்யூ.டி.ஏ. அமைப்பு, ஊசிமருந்துகளை நுண்துளைகள் 60, 80, 95 சதவீதம் நீர் நிறைந்த நிலைகளில் தனித்தனியே சோதிக்கச் சொல்கிறது. எந்த நிலைக்குத் தேர்ச்சி பெற்ற பொருள் என்று கேட்காமல் வாங்குவதில் பொருளில்லை.

வேலையின் வரிசை எளிதுதான். நுணுக்கம் எல்லாம் இடத்தேர்விலும் தூய்மையிலும் இருக்கிறது. துளை செங்கல்லில் போடப்படுவதில்லை, கிடைமட்டச் சாந்து மூட்டில் போடப்படுகிறது. ஒரு செங்கல்லிலிருந்து அடுத்த வரிசைச் செங்கல்லுக்கு நீர் போக வேண்டுமானால் அந்தச் சாந்தைக் கடந்தே ஆக வேண்டும். சுவரின் முழு நீளத்துக்கும் தொடரும் ஒரே பாதை அதுதான். கிரீம் வகைக்கு வழக்கமான அளவுகள் 12 மில்லிமீட்டர் விட்டம், 120 மில்லிமீட்டருக்கு மிகாத இடைவெளி. ஒற்றைச் செங்கல் நீளமுள்ள, அதாவது 230 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவரில் 220 மில்லிமீட்டர் வரை ஆழம். அப்படியானால் ஒவ்வொரு துளையிலிருந்தும் மருந்து இரு பக்கமும் 60 மில்லிமீட்டர் பரவியாக வேண்டும், அப்போதுதான் அடுத்த துளையின் பரவலோடு அது கைகோக்கும். அத்தகைய துளை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 25 மில்லிலிட்டர். மீட்டருக்கு எட்டு, ஒன்பது துளைகள் என்றால் 200 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். வாங்கிய மருந்துக் குழாய்களின் எண்ணிக்கையைச் சுவரின் நீளத்தோடு ஒப்பிட்டால், மருந்து முழுவதும் உள்ளே போனதா என்பதை வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடலாம். இதோடு, குழம்பில் செயல்பொருள் எத்தனை சதவீதம் என்பதையும் பார்க்க வேண்டும். பொருளுக்குப் பொருள் அது பல மடங்கு வேறுபடுகிறது.

துளையிட்ட பின் உள்ளிருக்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ முழுவதும் அகற்றாவிட்டால், மருந்தைத் தூளே குடித்துவிடும். குழாயின் முனையைத் துளையின் கடைசி வரை செலுத்தி, பின்னிழுத்துக்கொண்டே நிரப்ப வேண்டும். வாயிலிருந்து நிரப்பினால் உள்ளே காற்றுக் குமிழி தங்கும். இரு முகங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய பழைய கற்சுவர்களில் தொடர்ச்சியான படுகை கிடைப்பதே கடினம்; வெற்றிடங்களை முதலில் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்பிவிட்டுத்தான் மருந்து. துளையுள்ள கற்களிலும் உள்ளீடற்ற பிளாக்குகளிலும் கிரீம் உள்ளே வழிந்து போய்விடும். மண்சுவர்களுக்கு இந்த முறையே ஒவ்வாது. பிரிட்டனில் இந்த வேலைக்கென வகுக்கப்பட்ட பி.எஸ். 6576 என்ற நடைமுறைத் தரம், ஊசிபோடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஆய்வையும் பின்னர் செய்ய வேண்டிய பூச்சையும் வேலையின் பகுதியாகவே எண்ணுகிறது. துளையிடுதலைத் தனித்து விலைபேசும் வழக்கம் அதன் போக்குக்கு முரணானது.

தடுப்பு அமைந்துவிட்டது என்பதாலேயே சுவர் உலர்ந்துவிடாது. அடிவரத்து நின்றுவிட்டது, அவ்வளவுதான்; உள்ளே இருக்கும் நீர் ஆவியாகித்தான் போக வேண்டும். ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் தடிமனுக்கும் ஒரு மாதம் என்பது புழக்கத்திலுள்ள தோராயக் கணக்கு. 230 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகலாம், தடித்த கற்சுவருக்கு இன்னும் நெடுநாள். காற்றோட்டமும் மிதமான வெப்பமும் இதை விரைவாக்கும். கடும் வெப்பத்தால் அவசரமாக உலர்த்தினால் உப்பு மேற்பரப்பில் திடீரெனப் படிகமாகிச் செங்கல் முகத்தையே உதிர்த்துவிடும்.

பூச்சுதான் அடுத்த கேள்வி. எனக்குப் படுவது, ரசாயனத்தைவிட அதிகமாக வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இதுதான். உப்பேறிய பழைய பூச்சை, கண்ணுக்குத் தெரியும் ஈரக்கோட்டுக்கு மேலே குறைந்தது 300 மில்லிமீட்டர் வரை வெட்டி எடுத்து, தூளைக் கூட்டி வெளியேற்ற வேண்டும். அந்த உப்பு இருக்கும் வரை அடுத்த மழைக்காலமும் ஈரம்தான். ஜிப்சம் பூச்சு இங்கே கூடவே கூடாது, ஈரத்தில் அது தாங்காது. ஒரு மரபு, நீர்விலக்கி கலந்த அடர்த்தியான சிமென்ட் பூச்சைப் பரிந்துரைக்கிறது. சுவரில் மிஞ்சிய உப்பு முகத்துக்கு வராமல் அது தடுக்கிறது. ஆனால் உலர்தலையும் தடுக்கிறது, உள்பக்க வாசலை மூடுகிறது. ஆவியாதலைப் பற்றி முன்னர் கண்ட கணக்கு இங்கே நேராகப் பொருந்தும்: துளைவரிசை முழுமையாக வேலைசெய்யாவிட்டால் ஈரம் மேலேறி, புதுப்பூச்சின் மேல்விளிம்புக்கு மேல் தலைகாட்டும். மற்றொரு மரபு, டபிள்யூ.டி.ஏ. வரையறுத்த சீரமைப்புப் பூச்சு. இறுகிய நிலையில் 40 சதவீதத்துக்கு மேல் நுண்துளைகள் கொண்ட, நீரை விலக்கும் இந்தக் கலவையில் நீராவி எளிதாகக் கடக்கும். உப்பு பூச்சின் முகத்துக்கு வராமல் உள்துளைகளிலேயே படிகமாகித் தங்கும். அந்தத் துளைகள் நிரம்பும் வரைதான் அதற்கு ஆயுள். உப்பு மிகுந்த சுவரில் அதை ஒரு காலத்துக்குப் பின் மாற்ற வேண்டியிருக்கும். வெறும் சுண்ணாம்புச் சாந்து நன்றாக மூச்சுவிடும், உப்பு மிகுந்தால் விரைவில் பொரியும். பழஞ்சுவர்களில் அதைப் பொரியப் பொரிய உரித்து மாற்றிக்கொள்ளும் பூச்சாகவே சிலர் பூசுகிறார்கள். அதில் தவறேதும் இல்லை.

ரசாயன முறையை ஐயுறுபவர்களின் வாதத்துக்கு வலு தருவது அடர்த்தியான அந்தப் பூச்சுதான். துளையும் போட்டு, நீர்புகாப் பூச்சும் பூசிய சுவர் வெளியே உலர்ந்து தெரிந்தால், பெருமை யாருக்கு என்று கண்ணால் சொல்லவே முடியாது. மருந்தே செலுத்தாமல் பூச்சை மட்டும் மாற்றியிருந்தாலும் சில ஆண்டுகளுக்குச் சுவர் அப்படித்தான் தெரிந்திருக்கும். பிரிட்டனின் கட்டட எழுத்தாளர் ஜெஃப் ஹவல், செங்கல் தூண்களைக் கட்டித் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவைத்துப் பார்த்து, ஈரம் சொல்லப்படுவது போல ஏறவில்லை என்று வாதிட்டார். அவர் கண்டதில் உண்மை இருக்கிறது: அடர்த்தியான சிமென்ட் சாந்தின் உறிஞ்சுதிறன் குறைவு, செங்கல்லும் சாந்தும் சேரும் இடத்திலும் நீரோட்டத்துக்குத் தடை உண்டு. ஆனால் பல ஆண்டுகளாக ஈரமண்ணில் நிற்கும் பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரை அந்தத் தூண்களோடு ஒப்பிட முடியாது. சுவரின் மேல்விளிம்பில் மண்ணுக்குரிய நைட்ரேட் பட்டையாகப் படிந்திருப்பதை, நீர் கீழிருந்து ஏறியதைத் தவிர வேறு எதனாலும் எளிதில் விளக்க முடிவதில்லை. ஏறும் ஓதம் உண்டு. விற்கப்படும் சிகிச்சைகளின் அளவுக்கு அது பரவலாக இல்லை என்பதே இரு பக்கச் சான்றுகளும் சேர்ந்து காட்டுவது.

துளைபோடாமல் தீர்க்கும் வழிகளும் உண்டு. சாந்து மூட்டை ரம்பத்தால் பகுதி பகுதியாக அறுத்து, பாலித்தீன் அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைச் செருகுவது எல்லாவற்றிலும் உறுதியானது; சுவரின் கட்டமைப்புக்கு ஆபத்தில்லாத இடத்தில், பொறியாளரின் கண்காணிப்பில் மட்டுமே அதைச் செய்யலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியப் பொறியாளர் அஷீல் க்னாப்பன் பெயரால் பரவிய, சுவரில் சாய்வாகப் பதிக்கும் சுடுமண் குழாய்கள் இன்றும் பழைய கட்டடங்களில் தென்படுகின்றன. குறிப்பிடத்தக்க பலன் அளவீடுகளில் தென்படவில்லை. சுவரில் மாட்டிவிட்டால் ஈரம் இறங்கிவிடும் என்று விற்கப்படும் கம்பியில்லாப் பெட்டிகளுக்கு ஏற்கத்தக்க இயற்பியல் விளக்கம் கிடையாது. மலிவான வழிகள் பெரும்பாலும் வெளியே இருக்கின்றன: சுவரை ஒட்டிய மண்ணைத் தாழ்த்துவது, சரளை நிரப்பிய வடிகால் வெட்டுவது, கூரைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விடுவது, அடைந்த காற்றுத்துளைகளைத் திறப்பது, மூடிய முகத்தின் பூச்சை உரித்துவிடுவது. ஆவியாதல் இரு மடங்கானால் ஈரத்தின் உயரம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். லேசான ஓதத்துக்கு அதுவே போதுமானதாகிவிடக்கூடும். இவற்றைச் செய்து ஓர் ஆண்டு பார்த்த பின் மிஞ்சும் ஈரத்துக்கு மருந்தைக் கருதலாம். துளையிட்டு மருந்து செலுத்தியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், மரபுக் கட்டடங்களில் இந்த வரிசையைக் கண்டிப்பாகவே கடைப்பிடிக்க வேண்டும்.

மருந்து செலுத்துவதென்று முடிவாகிவிட்டால், அதற்கு முன் எடுத்த சாந்து மாதிரிகளின் உயரங்களையும் எண்களையும் குறித்து வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து அதே உயரங்களில், முந்தைய துளைகளுக்கு அருகே மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். துளைவரிசைக்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கும், அது குறைபாடன்று. மேலே, பூச்சுக்குப் பின்னால் ஆழத்தில் எடுத்த தூளின் ஈரம், அதன் உப்பு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கியிருந்தால் தடுப்பு வேலை செய்கிறது. இறங்காமல் இருந்தால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதே எண்களோடு ஒப்பந்தக்காரரை மீண்டும் அழைக்கலாம்.